முதுகெலும்பு அறுவைக்குப் பின் வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தல்

முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வலியை ஒரே மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போய் அடக்காமல், வெவ்வேறு வழிகளில் வேலை செய்யும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை மிதமான அளவில் சேர்த்துக் கொடுத்துத் தணிக்கும் முறை பல்வழி வலிநீக்கம் எனப்படும். டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கேலெட், யோர்கன் டால் ஆகிய இரு மருத்துவர்கள் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் பரவியது. இப்போது தமிழ்நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் முதுகெலும்பு அறுவை செய்துகொள்பவர்களில் பெரும்பாலோர், பெயர் தெரியாமலேயே, இந்த முறைப்படிதான் மருந்து பெறுகிறார்கள்.

மருத்துவமனைக்குள் இருக்கும்வரை எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதைச் செவிலியர் பார்த்துக்கொள்வார். சிக்கல் வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. அடி அண்ணாமலை போன்ற ஓர் ஊரிலிருந்து வேலூருக்கோ சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போய் அறுவை செய்துகொண்டவர் சில நாட்களில் ஒரு பை நிறைய மாத்திரைகளோடு வீடு திரும்புகிறார். சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. மாத்திரைகளைப் பிரித்துக் கொடுப்பது பெரும்பாலும் வீட்டில் பள்ளி அல்லது கல்லூரி படிக்கும் பிள்ளைதான். இக்கட்டுரை அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. இது மருத்துவரின் சீட்டுக்கு மாற்று அன்று; அந்தச் சீட்டைப் புரிந்துகொள்ள ஓர் உதவி.

வலி எங்கிருந்து வருகிறது?

முதுகெலும்பு அறுவை என்பது ஒரே வகை அறுவை அன்று. பிதுங்கிய இடைவட்டின் ஒரு துண்டை மட்டும் எடுப்பது சிறியது. நரம்பை அழுத்தும் எலும்பைச் செதுக்கி இடம் உண்டாக்குவது சற்றுப் பெரியது. இரண்டு அல்லது மூன்று முள்ளெலும்புகளைத் திருகாணியும் தண்டும் வைத்து ஒன்றாக இணைப்பது மிகப் பெரியது. ஜெர்மனியில் 179 வகை அறுவைகளின் மறுநாள் வலியை ஒப்பிட்டு 2013இல் வெளியான ஆய்வில், முதுகெலும்பு இணைப்பு அறுவை மிகுந்த வலி தருபவற்றின் வரிசையில் முன்னணியில் இருந்தது.

அந்த வலியும் ஒரே வலி அன்று. தோலும் தசையும் அறுபட்ட இடத்தில் வீக்கமும் அழற்சியும் உண்டாகின்றன. அது குத்தும் வலி. முதுகின் இருபுறத் தசைகளையும் எலும்பிலிருந்து விலக்கி, மணிக்கணக்காகக் கருவியால் பிடித்து வைத்திருந்ததால் அவை இறுகி இழுக்கின்றன. அது பிடிப்பு வலி. நெடுநாள் நசுங்கிக் கிடந்த நரம்பு விடுபட்ட பிறகும் சில காலம் எரிச்சலாகவோ மின்சாரம் பாய்வது போலவோ காலில் இறங்கும். அது நரம்பு வலி. இவற்றோடு, இடைவிடாத வலிச் செய்தியைப் பெற்றுப்பெற்றுத் தண்டுவடமே கூர்மையாகிவிடுவதும் உண்டு. ஒலிபெருக்கியின் குமிழைத் திருகிவிட்டால் மெல்லிய பேச்சும் இரைச்சலாகக் கேட்பதைப் போல, அப்போது சிறு அசைவும் பெரிய வலியாகத் தெரியும்.

தண்டுவடத்தில் வலிச் செய்தி கூடவும் குறையவும் முடியும் என்பதை ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் ஆகியோர் 1965இல் ஒரு வாயில் கதவுக்கு ஒப்பிட்டு விளக்கினார்கள். அவர்களுடைய கொள்கை பின்னர் பல இடங்களில் திருத்தப்பட்டாலும், வலி என்பது காயத்திலிருந்து மூளைக்கு நேரே ஓடும் ஒற்றைக் கம்பி அன்று என்பது அதனால் நிலைபெற்றது. வழியில் பல நிறுத்தங்கள் இருக்கின்றன என்றால் பல இடங்களில் தடுக்கலாம். மருந்துகளைச் சேர்ப்பதற்கான அடிப்படை இதுதான்.

எந்த மருந்து எந்த இடத்தில்?

முதலில் பாராசிட்டமால். காய்ச்சல் மாத்திரைதானே என்று பலர் இதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் விழுங்குகிறார்கள். மருத்துவர்கள் இதைத்தான் அடித்தளமாக வைக்கிறார்கள். இது பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்கிறது. வயிற்றைப் புண்ணாக்காது, இரத்தம் உறைவதைக் கெடுக்காது.

இரண்டாவது, ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள்: இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், கீட்டோரோலாக், எட்டோரிகாக்சிப் முதலியவை. காயத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதை இவை தடுக்கின்றன. ஆஸ்பிரின் இவ்வாறுதான் வேலை செய்கிறது என்பதை 1971இல் காட்டியவர் இங்கிலாந்தின் ஜான் வேன். அவருக்கு 1982இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு இரத்தம் போதுமான அளவு போகவும் துணை நிற்கிறது. வலியைத் தடுக்கும்போது அந்தக் காவலும் குறைகிறது. எலும்பை இணைக்கும் அறுவையில் இன்னொரு கவலையும் உண்டு. இம்மருந்துகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 1998இல் கீட்டோரோலாக் பற்றி வந்த ஓர் ஆய்வு எச்சரித்தது. வழக்கமான அளவில் சில நாட்கள் மட்டும் கொடுத்தால் பெரிய கெடுதல் தெரியவில்லை என்பது பின்னர் வந்த ஆய்வுகளின் போக்கு. அதனால்தான் ஒரு மருத்துவர் இதைக் கொடுப்பதையும் இன்னொருவர் தவிர்ப்பதையும் பார்க்கிறோம். இருவரில் ஒருவர் தவறு என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, அபினி வகை மருந்துகள்: மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், டபென்டடால். இவை மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஏற்பிகளில் பொருந்தி வலிச் செய்தியை அடக்குகின்றன. வலிமை மிகுந்தவை. ஆனால் குமட்டல், மயக்கம், மலச்சிக்கல் ஆகியவற்றைக் கூடவே கொண்டுவருகின்றன; அளவு மீறினால் மூச்சையே மெதுவாக்கிவிடும். சேர்க்கை முறையின் முதல் நோக்கமே இவற்றின் தேவையைக் குறைப்பதுதான்.

நரம்பு வலிக்கென்று காபாபென்டின், பிரகாபலின் என இரண்டு உண்டு. இவை முதலில் வலிப்பு நோய்க்காக வந்தவை. அறுவை அரங்கிலேயே காயத்தின் ஓரத்தில் புபிவகெயின் போன்ற மரப்பு மருந்தை ஏற்றுவதும் இச்சேர்க்கையில் ஒரு பகுதி. முதுகுத் தசைப் படலத்துக்கு அடியில், ஒலியலைப் படத்தைப் பார்த்துக்கொண்டே மரப்பு மருந்து செலுத்தும் முறை 2016இல் விவரிக்கப்பட்டது. முதுகெலும்பு அறுவைகளிலும் அது இப்போது பயன்படுகிறது. கீட்டமின், டெக்சாமெத்தசோன் ஆகியவற்றைச் சிறு அளவில் கொடுப்பதும் உண்டு. அவை மயக்க மருத்துவரின் பொறுப்பு; வீட்டுப் பையில் இரா.

சேர்த்தால் கூடுதல் பயன் உண்டா?

உண்டு, ஆனால் எல்லாச் சேர்க்கைக்கும் இல்லை. கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் செய்த சோதனைகளைத் தொகுத்து 2013இல் வெளியான காக்ரேன் ஆய்வில் தெளிவான கணக்கு கிடைக்கிறது. 400 மில்லிகிராம் இபுபுரூஃபனோடு 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலைச் சேர்த்துக் கொடுத்தபோது 100 பேரில் 73 பேருக்கு வலி பாதியாவது குறைந்தது. இபுபுரூஃபன் மட்டும் பெற்றவர்களில் அது 52. மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 7. பல் வேறு, முதுகு வேறுதான். ஆனாலும் மலிவான இரண்டு மருந்துகள் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதை இவ்வளவு நேராகக் காட்டும் எண்கள் குறைவு.

காபாபென்டின், பிரகாபலின் கதை வேறு. ஒரு காலத்தில் எல்லா அறுவைக்கும் இவற்றைச் சேர்த்தார்கள். 281 சோதனைகளைத் திரட்டி 2020இல் வெளியான ஆய்வு, பொதுவாக எல்லோருக்கும் கொடுப்பதால் நோயாளி உணரும் அளவுக்கு வலி குறையவில்லை, தலைச்சுற்றலும் பார்வைக் குழப்பமும்தான் கூடின என்று கண்டது. அதற்கு முன்பே, 2019 டிசம்பரில், இவற்றை அபினி வகை மருந்தோடு சேர்க்கும்போது முதியவர்களுக்கும் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் மூச்சு தளரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருந்தது. காலில் எரியும் நரம்பு வலி உள்ளவருக்கு இவை பயன்படும். அது இல்லாதவருக்கு வழக்கத்துக்காகக் கொடுப்பதை இப்போது பலர் கைவிட்டு வருகிறார்கள்.

நம் மாநிலத்திலேயே செய்யப்பட்ட ஆய்வும் ஒன்று உண்டு. 1978இல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் முதுகெலும்புப் பிரிவு உலக அளவில் அறியப்பட்டது. அதன் தலைவர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இடுப்புப் பகுதி முள்ளெலும்பு இணைப்பு அறுவைக்கு வந்தவர்களை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பாராசிட்டமால், கீட்டோரோலாக், பிரகாபலின் மூன்றையும் கத்தி படுவதற்கு முன்பே கொடுத்தார்கள். அந்தக் குழுவுக்கு அறுவைக்குப் பின் வலியும் குறைவாக இருந்தது, அபினி வகை மருந்தின் தேவையும் குறைந்தது. வலி ஏறிய பிறகு துரத்துவதைவிட ஏறுவதற்கு முன் அணை போடுவது எளிது என்ற எண்ணமே இதன் பின்னால் இருப்பது. பிரகாபலினும் இச்சேர்க்கையில் இருந்ததைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன தொகுப்பாய்வோடு இது முரண்படுவது போலத் தோன்றும். மூன்றும் சேர்ந்து தந்த பயனில் ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்பதை இத்தகைய ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது என்பதே விடை.

ஒரே மருந்து, மூன்று பெயர்

வீட்டில் நேரும் பெரும் பிழை இங்கேதான். இந்தியாவில் வலி மாத்திரைகள் பெரும்பாலும் ஏற்கெனவே சேர்க்கையாகவே வருகின்றன. அல்ட்ராசெட் என்ற மாத்திரையில் டிரமடால் 37.5 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் உள்ளன. சீரோடால் பி என்பதில் அசெக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325. டோலோ 650 முழுவதும் பாராசிட்டமால்தான். மூன்றும் மூன்று நிறம், மூன்று பெயர்.

ஒருவர் ஒரு நாளில் முதலாவதை நான்கு வேளையும், இரண்டாவதை இரண்டு வேளையும் எடுக்கிறார். இடையில் உடம்பு சுடுகிறதென்று வீட்டில் யாரோ டோலோவையும் நான்கு முறை கொடுத்துவிடுகிறார்கள். கணக்குப் போடுவோம். நான்கு 325 சேர்ந்தால் 1300. இரண்டு 325 சேர்ந்தால் 650. நான்கு 650 சேர்ந்தால் 2600. மொத்தம் 4550 மில்லிகிராம். உடல்நலமுள்ள பெரியவருக்கே ஒரு நாளின் மேல் எல்லை 4000. எடை குறைந்த முதியவருக்கும், கல்லீரல் கெட்டவருக்கும், நாள்தோறும் குடிப்பவருக்கும் மருத்துவர்கள் 3000 அல்லது 2000 என்றே நிறுத்துவார்கள்.

மிகுதியான பாராசிட்டமால் கல்லீரலில் நச்சுப் பொருளாக மாறுகிறது. அதை முறிக்கும் குளுடாதயோன் தீர்ந்துபோனால் கல்லீரல் செல்கள் சாகத் தொடங்கும். கொடுமை என்னவென்றால், முதல் நாளில் இலேசான குமட்டலைத் தவிர வேறொன்றும் தெரியாது. அசெட்டில்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு; ஆனால் அது முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பயன் தரும். சேர்க்கை மாத்திரை ஒன்றில் பாராசிட்டமால் 325 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2011இல் இந்திய அரசு வரம்பு விதித்ததற்குக் காரணம் இந்த ஆபத்துதான். மாத்திரைக்கு வரம்பு வைக்க அரசால் முடிந்தது. எத்தனை மாத்திரை சேர்கிறது என்பதை எண்ணுவது வீட்டின் வேலை.

எனவே அட்டையின் பெரிய எழுத்தைப் பார்க்காமல், அதன் கீழ் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களை ஒரு தாளில் தமிழில் எழுதி, எதிரே மில்லிகிராம் போட்டு, நாளுக்கு எத்தனை என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டிக் கேட்க வேண்டும்.

சிறுநீரகமும் இரத்த அழுத்த மாத்திரையும்

முதுகெலும்பு அறுவைக்குப் போகிறவர்களில் பலர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவற்றுக்கான மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. நல்ல திட்டம். ஆனால் அறுவை செய்த மருத்துவமனையின் பையும் இந்தப் பையும் ஒரே அலமாரியில் சந்திக்கும்போது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும்.

எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரை ஒன்று. சிறுநீர் பிரிக்கும் மாத்திரை ஒன்று. இவற்றோடு அழற்சி எதிர்ப்பு வலி மாத்திரை ஒன்று. இந்த மூன்றும் கூடினால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் மூன்று பக்கமும் நெருக்கப்படுகிறது. சாப்பாடு செல்லாமல், தண்ணீர் குடிக்காமல், வாந்தியெடுத்துக்கொண்டிருக்கும் நோயாளிக்கு இரண்டு மூன்று நாட்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். கழிப்பறைக்கு எழுந்து போவது வலிக்கிறது என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் நம் வீட்டுப் பெண்களிடம் அதிகம். அதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று ஊசி. மாத்திரை கேட்கவில்லை, ஓர் ஊசி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று பக்கத்துத் தெருவுக்குப் போனால், பெரும்பாலும் போடப்படுவது டைக்ளோஃபெனாக். ஏற்கெனவே அசெக்ளோஃபெனாக் எடுப்பவருக்கு இது ஒரே குடும்பத்து மருந்தின் இரண்டாம் பங்கு. வலி அதனால் இருமடங்கு குறையாது. வயிற்றில் இரத்தக் கசிவும் சிறுநீரகச் சேதமும் நேரும் வாய்ப்புதான் கூடும். டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவில் ஒரு சோகமான சான்று உண்டு. இம்மருந்து ஏற்றப்பட்டு இறந்த மாடுகளைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அதன் விளைவாக 2006இல் கால்நடைக்கு இம்மருந்து தடைசெய்யப்பட்டது. மனிதர் கழுகு அல்லர். நாம் இதைப் பெரிதும் தாங்குகிறோம். தாங்குவதற்கு ஓர் அளவு உண்டு.

டிரமடாலும் சட்டமும்

டிரமடால் ஒரு காலத்தில் சாதாரண மாத்திரை போலவே விற்கப்பட்டது. 2018 ஏப்ரலில் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்தது. சீட்டு இல்லாமல் கிடைக்காததும், கடைக்காரர் முகம் சுளிப்பதும் அதனால்தான். இதைக் கண்டு, போதை மருந்து கொடுத்துவிட்டார்கள் என்று பயந்து, வலியோடு புரண்டுகொண்டிருப்பவர்களும் உண்டு. அறுவைக்குப் பின் சில நாட்கள் மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பது வேறு. மாதக்கணக்கில் தாமே வாங்கித் தொடர்வது வேறு.

இதில் கவனிக்க வேண்டியவை சில. மனச்சோர்வுக்கான மாத்திரை எடுப்பவர் டிரமடாலைச் சேர்த்தால் நடுக்கமும் காய்ச்சலும் படபடப்பும் வரலாம். வலிப்பு நோய் உள்ளவருக்கு வலிப்பைத் தூண்டலாம். தூக்க மாத்திரை, மது இரண்டோடும் சேரவே கூடாது. மூன்று நாள் மலம் கழியாமல் முக்குவது புதிதாக அறுத்த முதுகுக்கு வேதனை. எனவே மலமிளக்கியும் சீட்டில் இருக்கும். வலி மாத்திரை இல்லையே என்று அதை ஒதுக்கிவைக்கக் கூடாது. தசைப் பிடிப்புக்குக் கொடுக்கும் டிசானிடினும் மயக்கம் தரும். சிப்ரோஃபிளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோடு அதைச் சேர்ப்பது முற்றிலும் விலக்கு.

தடைசெய்யப்பட்ட சேர்க்கைகள்

எல்லாச் சேர்க்கையும் அறிவியல் அன்று, வணிகமும் உண்டு. ஒரே மாத்திரையில் பல மருந்துகளை அடைத்து விற்பதில் இந்தியா பெயர் பெற்றது. 2016 மார்ச்சில் 344 சேர்க்கை மருந்துகளை மத்திய அரசு தடைசெய்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மீண்டும் ஆராயப்பட்டு, 2018 செப்டம்பரில் 328 சேர்க்கைகளுக்குத் தடை வந்தது. நிமெசுலைடும் டைக்ளோஃபெனாக்கும் ஒரே மாத்திரையில் இருந்த சேர்க்கை அதில் ஒன்று. இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மேலே படித்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் மேலும் 156 தடைசெய்யப்பட்டன; அசெக்ளோஃபெனாக் 50, பாராசிட்டமால் 125 மில்லிகிராம் கொண்ட மாத்திரை அவற்றுள் ஒன்று.

மருத்துவர் தனித்தனி மாத்திரையாக எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. வலி குறையும்போது ஒன்றை மட்டும் நிறுத்தலாம். எல்லாம் ஒரே மாத்திரையில் இருந்தால் அது முடியாது. எண்ணிக்கை அதிகமாகத் தெரிந்தாலும் தனித்தனியே இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

எப்போது, எதுவரை?

முதல் சில நாட்கள் அடிப்படை மருந்துகளை வலி வரும்வரை காத்திராமல் மணி பார்த்து எடுக்க வேண்டும். இரவு வேளையைத் தவறவிட்டால் விடியற்காலையில் வலி உச்சத்தில் இருக்கும். அப்போது விழுங்கும் மாத்திரை வேலை செய்ய அரை மணிக்கு மேல் ஆகும். இயன்முறைப் பயிற்சிக்கும் நடைக்கும் சற்று முன்பாக ஒரு வேளை அமையுமாறு நேரத்தை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மருந்தின் வெற்றியை வலி முற்றிலும் போயிற்றா என்று பார்த்து அளக்க முடியாது. புரண்டு படுக்க, எழுந்து உட்கார, பத்து அடி நடக்க, நான்கு மணி நேரம் தூங்க முடிகிறதா என்பதே அளவு. 14 கிலோமீட்டர் கிரிவலம் எப்போது போகலாம் என்று இங்குள்ளவர்கள் கேட்கும் கேள்விக்கு அறுவை செய்தவர்தான் விடை சொல்ல முடியும். ஆனால் வீட்டுக் கூடத்தில் நடப்பதற்குப் பெரும்பாலும் மறுநாளே அனுமதி உண்டு. மருந்து கொடுப்பதே அதற்காகத்தான்.

குறைக்கும்போது வழக்கமாக அபினி வகையை முதலில் நிறுத்துவார்கள், அடுத்து அழற்சி எதிர்ப்பு மருந்தை, கடைசியில் பாராசிட்டமாலை. வாரக்கணக்கில் எடுத்த பிரகாபலினைத் திடீரென்று விடக் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இடையில் எடுக்கும் லேகியம், சூரணம், கசாயம் எதுவாயினும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சில அறிகுறிகளை வலி மருந்தால் மூடிவைக்கக் கூடாது. சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது அறியாமல் போவது, மலம் கட்டுப்படாமை, தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றிலும் மரத்துப்போவது, காலில் புதிதாக வலுவிழப்பு, காயத்திலிருந்து சீழ் அல்லது தெளிந்த நீர் கசிவது, குளிர் காய்ச்சல், கறுத்த மலம், எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவை அவை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல், சீட்டையும் மாத்திரைப் பையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108 ஆம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை.